குண்டின் ரகசியம் கண்ட கணித மேதை

விழுப்புரம்–கடலூர் ரெயில் பாதையில், பண்ருட்டிக்கு அடுத்த நிலையம் மேல்பட்டாம்பாக்கம். அதற்கு அடுத்தது நெல்லிக்குப்பம். அதன் பிறகு கடலூர் வந்து விடும்.

மேல்பட்டாம்பாக்கத்து மக்களானாலும், நெய்வேலி மக்களானாலும், கடல் காற்று வாங்க வேண்டும் என்றால் கடலூரில் உள்ள தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத்தான் போவார்கள்.

அந்தக் கடற்கரையின் பக்கத்தில், கெடிலம் ஆற்றை ஒட்டி, ஒரு காலத்தில் பெரிய கோட்டை ஒன்று இருந்தது. அதன் பெயர், செயின்ட் டேவிட் கோட்டை.

1751-ம் ஆண்டு ஜூலை மாதம் 29-ந் தேதி அந்தக் கோட்டையில் ஓர் ஆங்கிலேயர் காலமானார். அப்போது அவருக்கு வயது 44. கலியாணம் செய்து கொள்ளாதவர். உயிர் பிரியும் நேரத்திலும் அவர் கையில் பேனா இருந்தது.

அவர் எந்தப் போரிலும் வாள் எடுத்துச் சண்டை போட்டவர் அல்ல. லண்டனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்!

துப்பாக்கியில் இருந்து புறப்படும் குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது? அது ஏன் குறி தவறுகிறது? குறி தவறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

இந்த மூன்று கேள்விகளுக்கும் சோதனை செய்து விடை கண்டவர் அவர்தான். அவர் பெயர், பெஞ்சமின் ராபின்ஸ்.

குண்டு கிராமங்கள்

ராபின்ஸ் வருவதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே, அந்தக் கோட்டைக்கும் பீரங்கிக் குண்டுக்கும் ஒரு சம்பந்தம் ஏற்பட்டு விட்டது.

1690-ம் ஆண்டில் ஆங்கிலேயரின் கிழக்கு இந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர், எலிகு யேல்.

கோட்டையை மட்டும் வாங்கவில்லை. சுற்றி உள்ள நிலத்தையும் சேர்த்து வாங்கினார்கள். எவ்வளவு நிலம்? அதற்கு ஒரு விசித்திரமான நிபந்தனை.

கோட்டையில் இருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு எவ்வளவு தூரத்தில் போய் விழுகிறதோ, அவ்வளவு தூரத்துக்கு உட்பட்ட நிலம் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்!

பல திசைகளிலும் பீரங்கி முழங்கியது. குண்டு விழுந்த இடம் எல்லை ஆயிற்று. கடலூர் பட்டினமும், சுற்றி உள்ள கிராமங்களும் அந்த எல்லைக்குள் அடங்கி விட்டன. அந்தக் கிராமங்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்று பெயர் ஏற்பட்டது. கடலூரை அடுத்த குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்றும் இருக்கிறது.

குண்டு நூறு கெஜம் கூடுதலாகப் போனால் ஒரு கிராமம் கை மாறி விடும். ஆனால், குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல அன்றைக்கு யாராலும் முடியாது. பீரங்கிக்காரனின் கைப்பழக்கம்தான் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர் ராபின்ஸ்.

தையற்காரர் மகன்

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர் போன ஊர். அங்கே 1707-ம் ஆண்டில் ராபின்ஸ் பிறந்தார். தகப்பனார் ஜான் ராபின்ஸ் ஒரு தையற்காரர். ஏழைக் குடும்பம்.

பெற்றோர் இருவரும் "குவேக்கர்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். இந்தப் பிரிவினர் ஆடம்பரம் இல்லாமல் எளிய உடை உடுத்துவார்கள். யுத்தம் கூடாது, ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது அவர்கள் கொள்கை.

ஆயுதம் தொடாத குடும்பத்தில் பிறந்த பிள்ளை, ஆயுதக் கலையையே மாற்றி அமைத்தான்!

பெரிய பள்ளிக்கூடங்களில் சேர்ந்து படிக்க ராபின்சுக்கு வசதி இல்லை. கிடைத்த புத்தகங்களை எல்லாம் வாங்கி, தானே படித்தார். கணக்கு அவருக்குக் கரும்பாக இனித்தது.

அவர் எழுதிய கணக்குத் தாள் ஒன்று லண்டனில் இருந்த பெம்பர்ட்டன் என்ற அறிஞரின் கைக்குப் போயிற்று. இந்தப் பெம்பர்ட்டன் சாமானியர் அல்ல. விஞ்ஞான மேதை நியூட்டனின் புகழ் பெற்ற புத்தகத்தின் மூன்றாவது பதிப்பை அச்சுக்குத் தயார் செய்து கொடுத்தவர்.

பெம்பர்ட்டன் அந்த வாலிபருக்குச் சில கடினமான கணக்குகளை அனுப்பிச் சோதித்தார். எல்லாவற்றுக்கும் சரியான விடை வந்தது. உடனே லண்டனுக்கு வரும்படி யோசனை சொன்னார். ராபின்ஸ் புறப்பட்டுப் போனார்.

20 வயதில் பெருமை

லண்டனில் ராபின்ஸ் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். மீதி நேரத்தில் பழைய கிரேக்க மேதைகளின் நூல்களையும், நியூட்டனின் நூல்களையும் படித்தார். குவேக்கர்களின் எளிய உடையையும் விட்டு விட்டார்.

நியூட்டன் 1727-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் காலமானார். அதே ஆண்டில், அவருடைய கணிதத் தீர்மானம் ஒன்றுக்கு ராபின்ஸ் நிரூபணம் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தின் தலை சிறந்த விஞ்ஞானிகள் கூடும் சபை, ராயல் சொசைட்டி. அந்தச் சபை அந்த ஆண்டே அவரை உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. அப்போது அவருக்கு வயது 20.

ஒரே இடத்தில் உட்கார்ந்து பாடம் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆலைகள் அமைப்பது, பாலம் கட்டுவது, சதுப்பு நிலத்தில் தண்ணீரை வடிப்பது, துறைமுகம் அமைப்பது ஆகிய வேலைகளில் இறங்கினார். பெல்ஜியம் பக்கம் போய், அங்கே உள்ள கோட்டைகளைச் சுற்றிப் பார்த்தார்.

கோட்டையைப் பார்த்தவருக்குப் பீரங்கி மீது கவனம் போயிற்று.

எல்லோரும் நம்பிய தவறு

கல்லை வீசி எறிகிறோம். அது வில் போல வளைந்து மேலே போய், அதே போல வளைந்து கீழே விழுகிறது. இதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலி நாட்டு மேதை கலிலியோ. அது 1638-ம் ஆண்டு.

பீரங்கிக் குண்டும் அப்படித்தான் போகும் என்று 100 ஆண்டு காலமாக எல்லோரும் நம்பினார்கள். இரும்புக் குண்டு கனமானது. காற்று அதை என்ன செய்து விடும் என்று அலட்சியமாக இருந்து விட்டார்கள்.

ராபின்ஸ் அதை நம்பவில்லை. சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்.

சோதிக்க வேண்டும் என்றால் முதலில் குண்டின் வேகம் தெரிய வேண்டும். கண்ணுக்கே தெரியாமல் பாயும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? வினாடியை நூறாகப் பிரித்துக் காட்டும் கடிகாரம் அப்போது ஏது?

ஊசலாடும் மரக்கட்டை

ராபின்ஸ் ஒரு சுலபமான வழியைக் கண்டு பிடித்தார்.

உயரமான முக்காலியில் இருந்து இரும்புக் கம்பி ஒன்றைத் தொங்க விட்டார். அதன் கீழ்ப்பகுதியில் கனமான மரக்கட்டையைப் பொருத்தினார். ஊஞ்சல் போல அது முன்னும் பின்னும் ஆடும். எல்லாம் சேர்ந்து 56 பவுண்டு எடை. அதாவது, சுமார் 25 கிலோ.

அந்தக் கட்டையைப் பார்த்துச் சுட்டார். குண்டு கட்டையில் பாய்ந்து உள்ளேயே தங்கி விட்டது. அடி வாங்கிய கட்டை பின்னால் நகர்ந்தது. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்க, கட்டையின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி இருந்தார். கட்டை நகரும்போது நாடா இழுபட்டு வரும். எவ்வளவு நாடா வந்ததோ, அதுவே அளவு!

இதில் உள்ள சூட்சுமம் என்ன?

ஓடி வரும் சிறுவன் ஒருவன், நின்று கொண்டிருக்கும் கட்டை வண்டியில் தாவி ஏறுகிறான். வண்டி மெதுவாக நகர்கிறது. வண்டி எவ்வளவு கனமோ, அவ்வளவு மெதுவாக நகரும். வண்டியின் எடையும், சிறுவனின் எடையும், வண்டி நகர்ந்த வேகமும் தெரிந்தால், சிறுவன் எவ்வளவு வேகமாக ஓடி வந்தான் என்று கணக்குப் போட்டு விடலாம்.

அப்படியே, கட்டையின் மெதுவான ஆட்டத்தைக் கொண்டு குண்டின் பயங்கர வேகத்தைக் கண்டு பிடித்தார் ராபின்ஸ்.

அவர் சுட்ட குண்டு முக்கால் அங்குல விட்டம் உடைய ஈயக் குண்டு. அது துப்பாக்கியை விட்டுப் புறப்பட்ட வேகம், வினாடிக்கு சுமார் 1,700 அடி! இன்றைய கணக்கில் மணிக்கு 1,800 கிலோ மீட்டருக்கு மேல். ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகம்.

காற்றுச் சுவர்

வேகம் தெரிந்து விட்டது. அடுத்த கேள்வி: காற்று என்ன செய்கிறது?

மரக்கட்டையைப் பக்கத்தில் வைத்துச் சுட்டார். தூரத்தில் வைத்துச் சுட்டார். தூரம் போகப் போக குண்டின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தது. விடையைப் பார்த்து அவரே ஆச்சரியப்பட்டு இருப்பார்.

குண்டின் எடை ஒரு பவுண்டில் 12-ல் ஒரு பங்குதான். ஆனால், அதை எதிர்த்துக் காற்று தள்ளும் பலம் 10 பவுண்டு. அதாவது, குண்டின் எடையைப் போல 120 மடங்கு!

காற்று இல்லாவிட்டால் அந்தக் குண்டு 17 மைல் தூரம் போக வேண்டும். உண்மையில் அரை மைல் போவதே அபூர்வம். பழைய கணக்கு எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியது இல்லை.

ஒலியின் வேகத்தை நெருங்கியதும் காற்றின் எதிர்ப்பு திடீர் என்று பல மடங்கு ஏறுவதையும் அவர் கவனித்தார். ஒலியை மிஞ்சிப் பறக்கும் விமானம் செய்ய முயன்ற 20-ம் நூற்றாண்டு நிபுணர்களுக்குத் தலைவலியாக இருந்ததும் இதே எதிர்ப்புத்தான்.

துப்பாக்கிக்குள் வெடிமருந்து எரியும்போது எவ்வளவு அழுத்தம் ஏற்படுகிறது என்றும் கணக்குப் போட்டார். நம்மைச் சுற்றி உள்ள காற்றின் அழுத்தத்தைப் போல சுமார் 1,000 மடங்கு என்பது அவர் கண்ட விடை.

இவற்றை எல்லாம் திரட்டி, 1742-ம் ஆண்டில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர், "பீரங்கிக் கலையின் புதிய தத்துவங்கள்".

கிடைக்காத வேலை

இவ்வளவு தெரிந்தவருக்கு ராணுவப் பள்ளியில் வேலை கிடைத்து இருக்க வேண்டும் அல்லவா? கிடைக்கவில்லை.

1741-ல் லண்டன் அருகே வுல்விச் என்ற இடத்தில் பீரங்கிப் படைக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே ஆசிரியர் வேலைக்கு ராபின்ஸ் விரும்பினார். வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

அப்போது பிரதம மந்திரியாக இருந்த வால்போலைத் தாக்கி ராபின்ஸ் சில பிரசுரங்கள் எழுதி இருந்தார். வால்போல் பதவியில் இருந்து இறங்கியதும், அவர் மீது விசாரணை நடத்திய பார்லிமெண்டுக் குழுவுக்கு ராபின்சே காரியதரிசியாக இருந்தார். அரசியல்தான் அவருடைய வேலையைக் கெடுத்து விட்டது என்று பேசிக் கொண்டார்கள்.

வேலை கிடைக்காதது நல்லதாகப் போயிற்று என்றே சொல்ல வேண்டும். வகுப்பில் சொல்ல நினைத்த பாடங்கள்தான் உலகம் போற்றும் புத்தகம் ஆயின.

வளைந்த குழல்

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. குண்டு ஏன் குறி தவறுகிறது?

சுடுகிறவனின் கை நடுங்குவதால்தான் தவறுகிறது என்று பலரும் நினைத்தார்கள். ராபின்ஸ் கையையே எடுத்து விட்டார்! துப்பாக்கியை அசையாதபடி இறுகப் பொருத்தி வைத்துச் சுட்டார்.

அப்படியும் தவறியது. 760 கெஜம் போவதற்குள் ஒரு குண்டு 100 கெஜம் வலது பக்கம் விலகியது. அடுத்த குண்டு அதே அளவு இடது பக்கம் விலகியது. குழல் அசையவில்லை, மருந்தின் அளவும் மாறவில்லை. ஆனாலும் ஒரு குண்டு போன வழியில் மற்றொரு குண்டு போகவில்லை.

ராபின்ஸ் யோசித்தார். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். முன்பக்க வாய் வழியாகக் குண்டைப் போட வேண்டும் என்பதால், குண்டு குழலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். சுட்டதும் குண்டு குழலின் சுவரில் அங்கும் இங்கும் இடித்துக் கொண்டு வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கச் சுவரில் உராய்ந்ததோ, அதற்குத் தக்கபடி சுழன்று கொண்டு போகும். அந்தச் சுழற்சியால் காற்று ஒரு பக்கம் அதிகமாகத் தள்ளும். குண்டு வளைந்து போகும்.

கால்பந்தின் ஓரத்தில் உதைத்தால் பந்து சுழன்று கொண்டே வளைந்து போகிறதே, அதே கதைதான்.

இதை நிரூபிக்க அவர் செய்த சோதனை வெகு வேடிக்கையானது. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடது பக்கமாக வளைத்தார். எதிரே மெல்லிய காகிதத் திரைகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்க விட்டார். குண்டு எந்த வழியாகப் போனது என்பதைக் காகிதத்தில் விழும் ஓட்டைகள் காட்டி விடும்.

குழல் இடது பக்கம் வளைந்து இருக்கிறது. ஆகவே, குண்டு இடது பக்கம்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்வார்கள். ராபின்ஸ் மட்டும், முதலில் இடது பக்கம் போய், பிறகு வலது பக்கம் திரும்பும் என்று சொன்னார். வளைவில் வரும்போது குண்டு வலது சுவரை உராய்ந்து உருண்டு வரும். அந்தச் சுழற்சி அதை வலது பக்கம் இழுக்கும் என்பது அவர் கணக்கு.

சுட்டார்கள். காகித ஓட்டைகளைப் பார்த்தார்கள். ராபின்ஸ் சொன்னபடியே நடந்து இருந்தது!

பம்பரத் தத்துவம்

நோய் தெரிந்து விட்டது. மருந்து என்ன?

மருந்து ஏற்கனவே இருந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளில் வேட்டைக்காரர்கள் ஒரு தினுசான துப்பாக்கியை வைத்து இருந்தார்கள். அதன் குழலுக்குள் திருகு ஆணியில் இருப்பது போலச் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டி இருக்கும். அதுதான் "ரைபிள்". அதில் சுட்டால் குறி தவறுவது குறைவு. ஆனால், ஏன் என்று எவருக்கும் சரியாகத் தெரியாது. குண்டு காற்றைத் துளைத்துக் கொண்டு போகிறது என்றார்கள் சிலர். குண்டு அதிக வேகத்தில் போகிறது என்றார்கள் வேறு சிலர்.

வேகம் அதிகம் இல்லை என்று ராபின்ஸ் அளந்து காட்டினார். உண்மைக் காரணத்தையும் சொன்னார்.

சுருள் பள்ளம் குண்டைச் சுழல விடுகிறது. எப்படி? பம்பரம் தன் ஆணியைச் சுற்றிச் சுழல்வது போல, போகும் திசையையே அச்சாகக் கொண்டு குண்டு சுழல்கிறது. ஆகவே, காற்று எந்தப் பக்கமும் கூடுதலாகத் தள்ள முடியாது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டு வழி மாறாமல் போகிறது.

1747-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் ராயல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாகப் படித்தார். அதில் மேலும் இரண்டு யோசனைகள் சொன்னார்.

முதல் யோசனை: உருண்டைக் குண்டுக்குப் பதிலாக முட்டை வடிவக் குண்டு செய்ய வேண்டும். அதன் கனமான பாகம் முன்னால் இருக்க வேண்டும்.

இரண்டாவது யோசனை: குண்டை முன்பக்க வாய் வழியாகப் போடக்கூடாது, பின்பக்கம் இருந்து போட வேண்டும். சுருள் பள்ளம் உள்ள குழலில் குண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். வாய் வழியாகப் போட்டால் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டி இருக்கும். குண்டின் வடிவமும் கெடும், நேரமும் போகும். பின்பக்கம் இருந்து போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

எந்த நாடு இந்தத் துப்பாக்கியை நன்கு புரிந்து கொண்டு, தன் படை முழுவதற்கும் கொடுக்கிறதோ, அந்த நாடு மற்ற நாடுகளை மிஞ்சி விடும் என்றும் எச்சரிக்கை செய்தார்.

பதக்கமும் பாராட்டும்

காற்றின் எதிர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1746-ம் ஆண்டில் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அந்தக் காலத்தில் விஞ்ஞானிகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

ஜெர்மனியில் இருந்த கணித மேதை ஆய்லர், ராபின்சின் புத்தகத்தை 1745-ல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். கூடவே நீண்ட விளக்கமும் எழுதினார். ஆனால், சுழற்சியால் குண்டு விலகுகிறது என்பதை மட்டும் ஆய்லர் ஒப்புக் கொள்ளவில்லை. குண்டு சரியான உருண்டையாக இல்லாததுதான் காரணம் என்று எழுதி விட்டார்.

ராபின்ஸ் சொன்னதே சரி. ஆனாலும், ஆய்லரின் பெயருக்கு இருந்த மதிப்பால் அந்த உண்மை பல காலம் எடுபடவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்து ஜெர்மன் விஞ்ஞானி மாக்னஸ் அதையே ஆராய்ந்து சொன்னார். இன்று பள்ளிப் பாடங்களில் அது "மாக்னஸ் விளைவு" என்று மாக்னஸ் பெயரால்தான் வழங்குகிறது!

வாணவேடிக்கை நடந்த இரவு

இதற்கு இடையே தமிழ்நாட்டில் பெரிய சம்பவங்கள் நடந்தன.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்துக் கொண்டார்கள். ஆங்கிலேயர்களின் தலைமை இடம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு மாறியது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் டூப்ளே அதையும் பிடிக்கப் பல முறை முயன்றார், முடியவில்லை. அந்த நாட்களின் செய்திகளை எல்லாம் புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிக் கொண்டு இருந்தார்.

1748-ல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் பெரும் படையுடன் புதுச்சேரியை முற்றுகை இட்டார். முற்றுகை தோல்வி அடைந்தது. பதுங்கு குழிகளைச் சரியான தூரத்தில் தோண்டவில்லை. பொறியாளர்களின் வேலை மோசம் என்று குறை கூறினார்கள்.

அதே 1748-ல் ஐரோப்பாவில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி சென்னை மீண்டும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தது.

சமாதானத்தைக் கொண்டாட 1749-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் பிரமாண்டமான வாணவேடிக்கை நடந்தது. ஊரே வாயைப் பிளந்து பார்த்துக் கொண்டு இருந்தது. ராபின்ஸ் மட்டும் கணக்குப் போட்டுக் கொண்டு இருந்தார்! வானத்தில் ஏறிய வாணங்கள் எவ்வளவு உயரம் போயின என்று அளக்க ஏற்பாடு செய்து, அதையும் கட்டுரையாக எழுதினார்.

கடலூர் பயணம்

புதுச்சேரித் தோல்வி கம்பெனியாருக்கு ஒரு பாடம். கோட்டை கட்டத் தெரிந்த, பீரங்கிக் கணக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தேடினார்கள்.

அந்தச் சமயத்தில் ராபின்சின் முன்னால் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, பாரீஸ் நகரத்துக்குப் போய், அமெரிக்காவில் உள்ள எல்லைத் தகராறைப் பேசித் தீர்க்கும் வேலை. மற்றொன்று, இந்தியாவில் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் வேலை. முதல் வேலை சுகமானது. இரண்டாவது வேலை ஆபத்தானது. ராபின்ஸ் இரண்டாவது வேலையை எடுத்துக் கொண்டார்.

1749-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் கப்பல் ஏறினார். வான ஆராய்ச்சிக் கருவிகளையும் மூட்டை கட்டி எடுத்துக் கொண்டார். இந்திய வானத்தையும் ஆராய வேண்டும் என்பது அவர் ஆசை. வழியில் கப்பல் உடைந்து போக இருந்தது. எப்படியோ தப்பி, 1750-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

வந்ததும் வேலையில் இறங்கி விட்டார். கடலூர் கோட்டையையும், சென்னைக் கோட்டையையும் பலப்படுத்த முழுத் திட்டம் தயாரித்தார்.

கடலூர் வெயில் அவருக்கு ஒத்துக் கொள்ளவில்லை. வந்த சில மாதங்களில் கடும் காய்ச்சல் கண்டது. அதில் இருந்து பிழைத்து எழுந்தார். ஆனால், பழைய பலம் திரும்பவில்லை. சில மாதங்கள் கழித்து மறுபடியும் படுத்தார். நாளுக்கு நாள் உடல் மெலிந்தது.

படுத்த நிலையிலும் வேலையை விடவில்லை. கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக் கொண்டே இருந்தார். எழுதிக் கொண்டு இருக்கும்போதே உயிர் பிரிந்தது. கடலூருக்கு வந்து ஒரு வருடமும் 16 நாட்களும்தான் ஆகி இருந்தன.

அவர் இறந்து ஒரு மாதத்தில், ராபர்ட் கிளைவ் சென்னையில் இருந்து ஆற்காட்டை நோக்கிப் படை நடத்திச் சென்றார். ஆங்கிலேயர்களின் அதிர்ஷ்டம் திரும்பிய யுத்தம் அது. அதைப் பார்க்க ராபின்ஸ் இல்லை.

அவருக்குப் பின்

அவர் பலப்படுத்த வந்த கோட்டை அதிக நாள் நிலைக்கவில்லை. 1758-ம் ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து, மதில்களை இடித்துத் தள்ளி விட்டார். தேவனாம்பட்டினத்தில் இன்று அதன் சிதைவுகள்தான் மிஞ்சி இருக்கின்றன.

கோட்டை போனாலும் கணக்கு நிலைத்தது.

1761-ல் அவருடைய நண்பர் ஜேம்ஸ் வில்சன், ராபின்சின் எழுத்துகளைத் திரட்டி லண்டனில் வெளியிட்டார். பிரான்சில் லொம்பார் என்ற பேராசிரியர் 1783-ல் மொழி பெயர்த்தார். அந்த லொம்பாரிடம் பீரங்கிக் கலை படித்த இளம் அதிகாரி ஒருவர் ராபின்சின் தத்துவங்களைக் குறிப்பு எடுத்துப் படித்தார். அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் ஐரோப்பாவையே நடுங்க வைத்த நெப்போலியன்!

ராபின்சின் சொந்த நாடோ வெகு காலம் விழித்துக் கொள்ளவில்லை. ஆங்கிலப் படையின் பெரும்பகுதி அவர் இறந்து 80 ஆண்டுகள் ஆன பிறகும் பழைய வழவழப்புத் துப்பாக்கியையே தூக்கிக் கொண்டு திரிந்தது.

1853-ல்தான் சுருள் பள்ளமும் நீளக் குண்டும் உடைய என்பீல்டு துப்பாக்கியை எடுத்துக் கொண்டார்கள். அதிலும் ராபின்சின் யோசனையில் பாதியைத்தான் கேட்டார்கள். பின்பக்கம் குண்டு போடும் வசதி இல்லை. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தை முன்பக்க வாயில் கொட்டி, குண்டை உள்ளே தள்ள வேண்டும். குண்டு இறங்குவதற்காகத் தோட்டாவில் கொழுப்புத் தடவி இருந்தது. அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற செய்தி இந்தியச் சிப்பாய்களிடையே தீயாகப் பரவியது. 1857-ம் ஆண்டுப் பெரும் புரட்சி மூண்டதற்கு அது ஒரு காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

1866-ல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதின. பிரஷ்ய வீரர்களிடம் பின்பக்கம் குண்டு போடும் ரைபிள் இருந்தது. ஆஸ்திரிய வீரர்களிடம் முன்பக்கம் போடும் துப்பாக்கி. பிரஷ்யா ஏழே வாரத்தில் வென்றது. ராபின்ஸ் எச்சரித்து 119 ஆண்டுகள் ஆகி இருந்தன.

மடக்கும் துப்பாக்கி

திருவிழாக்களிலும் பொருட்காட்சிகளிலும் பலூன் சுடும் கடை போடுவார்கள். அங்கே உள்ள காற்றுத் துப்பாக்கியைப் பலரும் கையில் பிடித்து இருப்பார்கள். குழலைக் கீழே மடக்கி, பின்பக்கத்தில் ஒரே ஒரு ரவையை வைத்து, மறுபடியும் நிமிர்த்தினால் "டக்" என்று பூட்டிக் கொள்ளும். வேட்டைக்கும் பந்தயத்துக்கும் உள்ள ஒற்றைக் குண்டு ரைபிள்களிலும் இப்படி மடக்கும் வகை உண்டு.

அதில் உள்ள ஒவ்வொன்றும் ராபின்சின் பாடம். பின்பக்கம் இருந்து போடுகிறோம். நல்ல துப்பாக்கியாக இருந்தால் குழலுக்குள் சுருள் பள்ளம் இருக்கும். ரவையை உற்றுப் பார்த்தால், இடுப்பு ஒடுங்கி, தலை கெட்டியாகவும், பின்பக்கம் பாவாடை போலக் குழிவாகவும் இருக்கும். கனமான பாகம் முன்னால்!

இந்தத் துப்பாக்கி குறி தவறினால் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது மடக்கும் இடத்தைத்தான். கீல் தேய்ந்து இருந்தால் குழல் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து பூட்டாது. மயிரிழை ஆடினாலும் தூரத்தில் சாண் கணக்கில் விலகி விடும். பூட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். ரவை குழலுக்குச் சரியான அளவாக இருக்க வேண்டும். வடிவம் நசுங்காமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு குண்டும் முந்திய குண்டைப் போலவே புறப்பட வேண்டும். இவை சரியாக இருந்தால்தான் சுடுகிறவரின் பயிற்சிக்குப் பலன் உண்டு.

குறி தவறினால் கையைக் குறை சொல்லாதே, முதலில் காரணத்தைச் சோதித்துப் பார் என்பதுதான் ராபின்ஸ் காட்டிய வழி. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அவர் எதையும் ஏற்கவில்லை. கலிலியோ சொன்னதையும் மரக்கட்டையில் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்.

பள்ளிக்கூடம் போக வசதி இல்லாத தையற்காரர் மகன், நாடா ஒன்றையும் மரக்கட்டை ஒன்றையும் வைத்துக் கொண்டு இதைச் சாதித்தார். அவருடைய கடைசிப் பக்கங்கள் எழுதப்பட்ட இடம், கடலூர் தேவனாம்பட்டினம்.